பழைய காரை மாற்றுவதா, வைத்திருப்பதா?

இலண்டனில் வாழும் என் மருமகன் சென்ற மாதம் தொலைபேசியில் ஓர் ஆலோசனை கேட்டான். அவனிடம் 1973ஆம் ஆண்டின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையை மடித்து வைக்கக்கூடிய வண்டி. அதே எம்ஜி என்ற பெயரில் 2024இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த சைபர்ஸ்டர் என்னும் மின்சார ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். "மாமா, பழசை வித்துப்போட்டுப் புதுசை எடுக்கட்டோ?" என்பது கேள்வி.

அவன் கேட்டதற்கு மூன்று நாள் முன்னர்தான் தொண்டைமானாற்றில் அவனுடைய தாயார், அதாவது என் அக்கா, ஏறத்தாழ இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தார். எங்கள் தகப்பனார் வாங்கிய ஒஸ்ரின் ஏ40 சோமசெற் இன்றும் அந்த வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதை விற்பதா, வைத்திருப்பதா? தாயும் மகனும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே ஆளிடம் கேட்டிருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே விடையைச் சொல்லிவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். எண்ணிப் பார்க்கப் பார்க்க, அது தவறு என்று தெரிந்தது.

யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய கார்மீது உள்ள பற்று வெறும் பழம்பெருமை அன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கிடைத்த சிறிதளவும் பொன்விலைக்கு விற்றது. அப்போது ஓடியவை ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களுமே. எஞ்சினில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். இது மந்திரம் அல்ல. அக்காலத்து எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே தரங்குறைந்த எரிபொருளையும் அவை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. பின்னாளில் வந்த எஞ்சின்களின் அமுக்கம் மிகுதி. அவற்றுக்கு மண்ணெண்ணெய் ஊட்டினால் தட்டத் தொடங்கிவிடும். புகை கண்ணைக் கரிக்கும், பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துடைக்க வேண்டும். இருந்தும் வண்டி ஓடியது. கர்ப்பிணிகளும் காயம்பட்டோரும் அவற்றில்தான் மருத்துவமனை சென்றார்கள். 1995 அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் சோமசெற் கொடிகாமம்வரை பலமுறை சென்று உறவினரை ஏற்றி வந்தது. அந்த நாள்களைக் கண்டவர்கள் அந்தக் காரை இரும்பு விலைக்குப் போடச் சம்மதிக்க மாட்டார்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

ஆனால் நன்றி வேறு, தேவை வேறு.

சென்ற ஆவணியில் ஓர் இரவு அத்தானுக்கு நெஞ்சுவலி கண்டது. நெடுநாள் கவனியாமல் விட்டதால் காரின் பற்றரி இறங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் ஆட்டோவில் ஏற்றி, உடுப்பிட்டி வழியாக மந்திகை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அத்தான் பிழைத்துக்கொண்டார். அக்காவின் கேள்வி அந்த இரவில்தான் பிறந்தது. அந்தக் காரில் இருக்கைப் பட்டி கிடையாது. காற்றுப் பை கிடையாது. முன்னிருப்பவரின் நெஞ்சுக்கு நேரே நிற்பது இரும்பு. வீதிகள் செப்பனிடப்பட்டு, பேருந்துகள் பறக்கும் இக்காலத்தில், எழுபது வயது தாண்டிய இருவர் அதில் அவசரத்துக்குப் பயணம் செய்வதைப் பாசத்தின் பெயரால் நியாயப்படுத்த என்னால் இயலவில்லை.

"பழைய கார்தான் நெருக்கடியில் கைகொடுக்கும்" என்ற வாதத்தையும் நான் எண்ணிப் பார்த்தேன். 2022இன் எரிபொருள் நெருக்கடி அதற்கு விடை சொல்லிவிட்டது. கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று கியூஆர் முறையில் பங்கீடு வந்தபோது, மண்ணெண்ணெய் அதைவிட அரிதாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. எங்கள் கரையோரத்து மீனவர்கள் படகை இறக்க வழியின்றி இருந்தார்கள். 1990களின் உபாயம் 2022இல் பயன்படவில்லை. ஒரு நெருக்கடியில் காத்த பொருள் அடுத்த நெருக்கடியிலும் காக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை.

மாற்றுவது எளிதா என்றால் அதுவும் இல்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. தீர்வையும் உற்பத்தி வரியும் பெறுமதிசேர் வரியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதால், வண்டியின் விலையைக் கேட்பவர் வரியின் விலையையே கேட்கிறார். ஆகவே அக்காவுக்கு நான் சொன்னது: புத்தம்புதிது வேண்டாம், நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும், உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும் ஒரு சிறிய சப்பானியக் காரை, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டி வாங்குங்கள் என்பதே.

மருமகனின் காரியம் நேர்மாறானது. அவன் தினமும் அலுவலகம் செல்வது ரயிலில். எம்ஜிபி ஞாயிறு மாலைக்கு உரியது. 1962 முதல் 1980வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எம்ஜிபிகள் செய்யப்பட்டன. 1988 முதல் அதற்குப் புத்தம்புது உடற்கூட்டையே செய்து விற்கிறார்கள். அதைப் பேண விரும்புகிறவனுக்கு உதிரிப்பாகத் தட்டுப்பாடு இல்லை. இலண்டனில் 2023 ஆகஸ்டு முதல் நகர் முழுதும் விரிந்த புகைக்கட்டணம், நாற்பது வயது கடந்து வரலாற்று வாகனமாகப் பதிவான கார்களைத் தீண்டுவதில்லை. சட்டமே அந்தக் கிழவனுக்கு வழிவிடுகிறது.

புதியது எப்படிப்பட்டது? சைபர்ஸ்டர் வேகம் மிகுந்தது. உயர்ந்த வகை மூன்றே சொச்ச வினாடியில் மணிக்கு நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டும். ஆனால் அதன் எடை எம்ஜிபியின் எடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. 2005இல் எம்ஜி ரோவர் முறிந்தபின் அப்பெயர் சீனத்தாரின் கைக்குச் சென்றது. ஆகவே பெயரொற்றுமையைக் கொண்டு இதனை அதன் வாரிசு என்று கருதத் தேவையில்லை. சீன வண்டி என்பதால் தாழ்ந்தது என்று சொல்லவில்லை. இது வேறொரு வண்டி, அவ்வளவே. எம்ஜிபியின் மூடியைத் திறந்து தன் கையாலேயே காபரேற்றரைச் சரிசெய்வதில்தான் அவனுக்கு இன்பம் என்று அவனே பலமுறை சொல்லியிருக்கிறான். புதியதில் அவன் திறந்து பார்க்க என்ன இருக்கிறது? விரைவு வேண்டுமானால் மாற்று. வேலை செய்கிற இன்பம் வேண்டுமானால் மாற்றாதே என்று எழுதினேன்.

ஆக, போரைக் கண்ட கார் போகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கார் நிற்கிறது. இது நியாயமா என்று சிலர் கேட்கலாம். உயிருக்காக ஓடவேண்டிய வண்டி உயிரைக் காக்கும் தகுதியோடு இருக்கவேண்டும்; இன்பத்துக்கு ஓடும் வண்டி அந்த இன்பத்தைத் தந்தால் போதும். வண்டியின் வயதைக் கேட்குமுன் அதன் கடமையைக் கேட்பதே முறை என்பது என் துணிபு.

ஒன்றை மட்டும் அக்காவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சோமசெற்றைக் கொழும்புத் தரகருக்குக் கொடுக்க வேண்டாம். முப்பது ஆண்டுகளாக அதைப் பார்த்துவந்த நெல்லியடி மெக்கானிக்குக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. அவரிடம் தொழில் பழகும் இளைஞன் ஒருவன் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடவென்று அதைக் கேட்கிறான். தரகர் தரும் விலையில் பாதிதான் அவனால் தரமுடியும். அவனுக்கே கொடுங்கள் என்றேன். அந்த எஞ்சினை அறிந்த கைகள் எங்கள் பகுதியில் இனி மிகச் சிலவே. அவனிடம் அந்த வண்டி நின்றால், கிழவரின் கையிலுள்ள வித்தை அவன் கைக்கும் வந்து சேரும்.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப சந்நிதியானிட்டை ஒருக்கால் கொண்டுபோய்க் காட்டிப்போட்டுக் குடுப்பம்" என்றார். வருகிற வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. பற்றரிக்கு மின்னேற்றி வைக்கும்படி அந்த இளைஞனிடமே சொல்லியிருக்கிறேன்.