ஒரே இரவில் எழுதப்படும் பதிவேடு

வெளியிலிருந்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் நலன்புரி நிலையம் அவசரமாகக் கூட்டிப் பெருக்கப்பட்டதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அன்று மட்டும் தண்ணீர்த் தாங்கி நிரம்பியிருக்கும். மறுநாள் பழைய நிலைமைதான். நமது நெல்லை வாங்குகின்ற ஆலைகளும் கம்பனிகளும் தரக் கணக்காய்வுக்கு ஆயத்தமாகும்போது இதே தவறைச் செய்யலாகாது என்பதே நமது கருத்து.

தரக் கணக்காய்வு என்பது பணக் கணக்கைப் பார்ப்பதன்று. ஒரு நிறுவனம் தான் ஏற்றுக்கொண்ட ஒழுங்கின்படி வேலை செய்கின்றதா என்று வெளியார் வந்து சோதிப்பதாகும். இதற்கு உலகெங்கும் பயன்படுகின்ற ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் நியமம் 1987இல் முதன்முதலாக வெளிவந்தது. 1994, 2000, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. நியமத்தை வெளியிடும் சர்வதேச அமைப்பு தானே சான்றிதழ் வழங்குவதில்லை. வேறு சான்றளிக்கும் நிறுவனங்களே கணக்காய்வாளரை அனுப்புகின்றன. முதற் கட்டத்தில் ஆவணங்களும் ஆயத்தமும் பார்க்கப்படும். இரண்டாம் கட்டத்தில் வேலைத்தலத்தில் நடப்பது பார்க்கப்படும். சான்றிதழ் வழக்கமாக மூன்று வருடங்களுக்குரியது. இடையில் வருடந்தோறும் மீண்டும் வந்து பார்ப்பார்கள்.

ஆகவே ஒருநாள் துப்புரவு இங்கே உதவாது. ஆனாலும் கணக்காய்வுக்கு முதல்நாள் இரவு ஒரே பேனையால் ஒரு வருடப் பதிவேட்டை நிரப்பிவிடும் ஆசை எவருக்கும் வரக்கூடும். தொழிலாளருக்கு விடைகளைப் பாடமாக்கிக் கொடுக்கும் ஆசையும் வரக்கூடும்.

இதனால் யாருக்கு நட்டம்? கொள்வனவு செய்யப்படும் நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது நாம் அறிந்த விதி. மேற்பட்டால் விலை குறையும், அல்லது நெல் திரும்பி வரும். ஈரப்பதன் அளக்கும் கருவி பல மாதங்களாகச் சரிபார்க்கப்படாமல் கிடக்க, பதிவேட்டில் மட்டும் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதப்பட்டால், பிழையான அளவின் சுமை குத்தகைக் காணியில் கடன்பட்டு விதைத்தவன் தலையிலேயே விழும். பொய்ப் பதிவேடு வெறும் கடதாசிக் குற்றமன்று.

உண்மையான ஆயத்தம் பல மாதங்களுக்கு முன்னரே தொடங்க வேண்டும். நிறுவனம் முதலில் தன்னைத் தானே சோதிக்க வேண்டும். ஒருவர் தமது வேலையைத் தாமே சோதிக்கலாகாது. தராசும் கருவிகளும் உரிய காலத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். கண்ட குறையை மறைக்காமல் எழுதி, அதன் காரணத்தைத் தேடித் திருத்த வேண்டும். தராசடியில் நிற்பவரைக் குற்றவாளியாக்கிவிட்டு முகாமையாளர் தப்பிக்கொள்வது திருத்தமாகாது. கணக்காய்வாளர் சிறு குறைகளைக் கண்டால் சான்றிதழ் உடனே பறிபோவதில்லை. திருத்துவதற்குத் தவணை உண்டு. பொய் அகப்பட்டாலோ, மற்றெல்லாப் பதிவுகளின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

"சிறிய கம்பனிக்கு இதற்கெல்லாம் ஆளும் பணமும் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்காய்வுக்கும் சான்றிதழுக்கும் செலவு உண்டு. ஆனால் உண்மையாக எழுதுவதற்குப் பெருஞ்செலவில்லை. தடித்த தரக் கைந்நூல் ஒன்று கட்டாயம் வேண்டும் என்ற நிபந்தனையும் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. திகதி, அளவு, கையொப்பம் ஆகிய மூன்றையும் அன்றன்றே எழுதும் அப்பியாசக் கொப்பி ஒன்று, ஓரிரவில் எழுதிய பத்துப் பதிவேடுகளிலும் மேலானது.

நமக்கும் ஒரு பங்கு உண்டு. முறைப்பாட்டுப் புத்தகம் வெறுமையாக இருப்பது தரத்துக்கு அடையாளமன்று. வாங்குபவரை இழந்துவிடுவோமோ என்ற நமது பயத்துக்கும் அது அடையாளமாக இருக்கலாம். நிறையும் ஈரப்பதனும் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவோம். குறை கண்டால் பலர் சேர்ந்து எழுதிக் கொடுப்போம். நாளை நமது சங்கங்களே ஆலை நடத்தும்போது, வெளியார் வரும் நாளுக்காக அல்லாமல், நெல் மூட்டையோடு வாசலில் நிற்கும் அயலவருக்காக நமது பதிவேட்டை எழுதப் பழகுவோம்.