வளருவது குழந்தையின் கால் மட்டும்தானா?

கல்யாணத்தில் போட்ட மெட்டி இன்றைக்கும் அதே விரலில் சுலபமாகச் சுழல்கிறதா? சுழல்கிறது என்றால் நீங்கள் பாக்கியசாலி. நாற்பதைத் தாண்டிய நம்மில் பலருக்கு அது விரலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, சோப்பு போட்டாலும் வராமல் அடம் பிடிக்கும். செருப்புக் கதையும் அதேதான். "எப்பவும் போடற ஆறாம் நம்பர்தான்க்கா வாங்கினேன், ஆனா கடிக்குது. இப்பல்லாம் சின்னதாத்தான் தைக்கிறாங்க போல" என்று கடைக்காரர் தலையில் பழியைப் போடுவோம். அவர் பாவம். செருப்பு சின்னதாகவில்லை. நம் கால்தான் பெரிதாகிவிட்டது.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். இருபது வயதுக்குள் நம் உயரம் நின்றுபோகிறது. எலும்பும் அதோடு வளருவதை நிறுத்திக்கொள்கிறது. ஆனால் ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. அத்தனையையும் சேர்த்துக் கட்டி, உள்ளங்காலை வில் மாதிரி வளைத்துப் பிடித்திருப்பது நார்கள். கயிற்றுக் கட்டில் புதிதாகப் பின்னியபோது விறைப்பாக இருக்கும். பத்து வருஷம் படுத்து எழுந்தால் நடுவில் தொய்ந்துவிடும் இல்லையா? பாதத்து நார்களும் அப்படித்தான். வருஷக்கணக்காக உடம்புப் பாரத்தைத் தாங்கித் தாங்கித் தளர்ந்து போகின்றன. வில் தாழ்கிறது. பாதம் நீளத்திலும் அகலத்திலும் கொஞ்சம் பரந்து விடுகிறது. உடம்பு பருத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இன்னும் சில மாற்றங்களும் உண்டு. குதிகாலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை வயதாக ஆக மெலிந்து போகும். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் 'அம்மா' என்று குரல் வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். நகம் தடிக்கும். சிலருக்குப் பெருவிரலின் அடிக்கணு வெளியே புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துகொள்ளும். டாக்டர்கள் இதைப் 'பனியன்' என்கிறார்கள். வீட்டுக்காரர் போடும் பனியன் இல்லை, இது வேறு! இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. முன்பக்கம் குறுகின செருப்பு அதை இன்னும் மோசமாக்கும்.

இளம் தாய்மார்கள், 'இதெல்லாம் பாட்டிகள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிள்ளைப்பேற்றுக்காக உடம்பில் நார்கள் தளரும்போது பாதத்து நார்களும் தளருகின்றன. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 49 கர்ப்பிணிகளின் பாதங்களைக் கர்ப்ப ஆரம்பத்தில் ஒருமுறையும், பிரசவமாகி ஐந்து மாதம் கழித்து ஒருமுறையும் அளந்து, 2013ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஆறு ஏழு பேருக்குப் பாதம் நீண்டோ அகன்றோ போயிருந்தது. முதல் பிரசவத்தில்தான் மாற்றம் அதிகம். வீக்கம் வடிந்த பிறகும் பாதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போய்த் திரும்பும் பெண், விட்டுப்போன செருப்பு பத்தவில்லை என்றால் மிரள வேண்டாம்.

நம் ஊரில் கால்களுக்கு வேலை கொஞ்சமா? குழித்தறியில் உட்காரும் நெசவாளர் நாள் முழுக்கக் காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொங்கிக்கொண்டே இருக்கும் காலில் நீர் தேங்கி, சாயங்காலம் கணுக்கால் உப்பிவிடும். நமக்கோ அடுப்படியில் சிமெண்ட் தரைமேல் வெறும் காலோடு நிற்பதே வேலை. மத்தியானம் பத்து நிமிஷமாவது மல்லாந்து படுத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் பாருங்கள். மாமியார் என்ன சொல்வார் என்று யோசிக்காதீர்கள். அவரையும் அப்படிப் படுக்கச் சொல்லுங்கள்!

நம்ம காஞ்சியில் உலகளந்த பெருமாள் சன்னதியில் நின்று, மூவுலகையும் அளந்த அந்தத் திருவடியை அண்ணாந்து பார்க்கிறோம். நம் பாதத்தைக் கடைசியாக அளந்தது எப்போது என்று கேட்டால் பதில் வராது. ஸ்கூலுக்குப் போகும்போது அப்பா வாங்கிக்கொடுத்த நம்பரே ஆயுசுக்கும் நம் நம்பர் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பரும் வெள்ளைக்காரன் கால் அளவை வைத்து வந்தது. சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பேர்களின் பாதங்களை ஸ்கேனர் வைத்து அளந்தார்கள். நம்மவர் பாதம் பொதுவாக அகலம் கூடுதல் என்று அதில் தெரிந்தது. அகலம் பத்தாமல் ஒரு நம்பர் நீளமாக வாங்கிச் சமாளிக்கிறோம். அதில் கால் வழுக்கி நடை தடுமாறுகிறது. நமக்கென்றே தனி அளவுமுறை வேண்டும் என்று, பாரதத்தின் முதலெழுத்தை வைத்து 'பா' என்ற முறையை அவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

அளவு தப்பினால் என்ன, கொஞ்சம் கடிக்கும், அவ்வளவுதானே என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா. பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. பேத்தி கல்யாணத்துக்குப் புதுச் செருப்பு, அதே பழைய நம்பரில். சுண்டுவிரல் உரசிக் கொப்புளமானது அவருக்குத் தெரியவே இல்லை. வலித்தால்தானே தெரியும்! மூன்றாம் நாள் பாயில் ரத்தக் கறை பார்த்துத்தான் மருமகள் கண்டுபிடித்தாள். அதற்குள் புண் எலும்புவரை போய்விட்டது. சுண்டுவிரலை எடுக்கும்படி ஆயிற்று. "விரல் போனது பரவாயில்லடி, வலிக்கலையே, அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் அவர். சரியான பயம்தான். சர்க்கரை வருஷக்கணக்கில் இருந்தால் காலின் உணர்ச்சி நரம்புகள் கெட்டுப்போகின்றன. செருப்பு கடிப்பதை மூளைக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போகிறது.

இந்த 'வலிக்காத ஆபத்தை' உலகத்துக்குப் புரியவைத்ததில் பக்கத்து வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, மரத்துப்போனதால் அடிபடுவது தெரியாமல்தான் சேதமாகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பாடமே பிறகு சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் பொருந்தியது. மரத்த காலுக்கென்று மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செய்யும் 'எம்.சி.ஆர்.' செருப்பு இன்று பல ஊர்களில் கிடைக்கிறது. அழகு பார்த்து வாங்கும் செருப்பு இல்லை. உள்ளே மெத்தென்று இருக்கும், பின்பக்கம் வார் இருக்கும். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொடுங்கள். தினம் ராத்திரி உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்குத் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால் போதும்.

அளப்பது ஒன்றும் பிரமாதமில்லை. சாயங்காலமாகப் பாருங்கள், அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும். பழைய நியூஸ் பேப்பர்மேல் உட்காராமல், இரண்டு காலிலும் பாரம் போட்டு நின்றுகொள்ளுங்கள். வேறு யாரையாவது விட்டுப் பென்சிலை நிமிர்த்திப் பிடித்துச் சுற்றி வரையச் சொல்லுங்கள். இரண்டு காலையும் வரைய வேண்டும், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம். பெரியதற்குத்தான் செருப்பு வாங்க வேண்டும். வரைந்ததைக் கத்தரித்துக் கடைக்கே எடுத்துக்கொண்டு போய், செருப்பின்மேல் வைத்துப் பாருங்கள். பேப்பர் வெளியே நீட்டினால் அது உங்கள் செருப்பு இல்லை. கடைப்பையன் சிரித்தால் சிரிக்கட்டும். 'போகப் போக லூஸாயிடும்மா' என்று அவன் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷூவுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அண்ணன் ஷூவைத் தம்பிக்குப் போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்ததை மட்டும் போடாதீர்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு உள்ளங்கால் தட்டையாக இருப்பது இயற்கை. அங்கே கொழுப்பு மூடியிருக்கும், வளர வளர வில் எழும்பும்.

வயதால் வரும் மாற்றம் மெள்ள வரும். திடீர் வீக்கம் வேறு விஷயம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிக்குக் கால் முகம் வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கும்.

மெட்டி விஷயத்துக்கு வருகிறேன். விரலில் தடம் பதிந்தாலோ, நிறம் மாறினாலோ, 'கழட்டினால் அபசகுனம்' என்று பார்க்காமல் ஆசாரியிடம் போய்க் கத்தரிக்கச் சொல்லி, பெரிதாக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டு விட்டுச் செய்த மெட்டியாக இருந்தால் வீட்டிலேயே விரித்துக்கொள்ளலாம். வைகாசி கருட சேவைக்கும் இப்போதே ஒரு வார்த்தை. கால் மரத்தவர்களை அதிகாலையிலேயே கூட்டிப் போய் வந்துவிடுங்கள். உச்சி வெயிலில் கோயில் கல்தரை சுட்டால் நாம் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவோம். அவர்கள் அதன்மேலேயே நின்று பெருமாளைச் சேவித்துக்கொண்டிருப்பார்கள்.