'கெமிக்கல் இல்லை'ன்னு போட்டிருந்தா உடனே நம்பிடாதீங்க

போன செமஸ்டர், ப்ளேஸ்மெண்ட் சீசன். என் ரூம்மேட்டுக்கு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின சின்ன பிரவுன் பாட்டில் ஒண்ணு வந்துச்சு. சேஜ் எண்ணெய். ஞாபகசக்திக்கு நல்லதாம். தினமும் காலைல டீயில மூணு சொட்டு விட்டுக் குடிக்கப்போறேன்னு சொன்னான். லேபிள்ல பச்சை எழுத்துல பெருசா போட்டிருந்தாங்க: '100% இயற்கை, கெமிக்கல் இல்லை.'

அவன் சின்ன வயசுல இருந்தே வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறவன். (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் இதை எழுதுறேன்.) பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கும் அப்போ தெரியாது. ஏதோ மனசுக்கு ஒப்பலை. ரெண்டு நாள் பொறுடான்னு சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன்.

படிச்சதுல எனக்கு வந்த கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு மூலிகை வேலை செய்யுதுன்னா, அதுக்குக் காரணமே அதிலுள்ள கெமிக்கல்கள்தான். அப்புறம் 'கெமிக்கல் இல்லை'ங்கிறதுக்கு என்ன அர்த்தம்? அது பொய். அதைவிட மோசமான விஷயம், நாம கேட்டே ஆகவேண்டிய கேள்விகளை அந்த ரெண்டு வார்த்தை கேட்கவிடாமப் பண்ணிடுது.

சேஜ் மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி. தாவரவியல் பெயர் சால்வியா அஃபிசினாலிஸ். புதினா, துளசி, கற்பூரவள்ளி எல்லாம் இருக்கிற அதே குடும்பம். ஐரோப்பாவுல சமையலுக்கும் வைத்தியத்துக்கும் ரொம்ப காலமா பயன்படுது. தொண்டைப் புண், வாய்ப்புண், வயிறு உப்புசம், அதிக வியர்வை இதுக்கெல்லாம் பாரம்பரியமா இந்த இலையைப் பயன்படுத்துறாங்கன்னு ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே பதிவு பண்ணியிருக்கு.

இலைக்குள்ள இருக்கிறதை ரெண்டு கூட்டமாப் பிரிக்கலாம். முதல் கூட்டம் ஆவியாகாதவை. ரோஸ்மரினிக் அமிலம், கார்னோசிக் அமிலம் ரெண்டும் இதுல முக்கியம். ரெண்டுமே நல்ல ஆன்டி-ஆக்ஸிடன்ட். ரோஸ்மரினிக் அமிலத்தை 1958-ல இத்தாலிய வேதியியலாளர்கள் ரோஸ்மேரி செடியிலிருந்து பிரிச்செடுத்தாங்க. நம்ம துளசியிலயும் அது இருக்கு.

ரெண்டாவது கூட்டம், இலைக்கு அந்த வாசனையைக் கொடுக்கிற ஆவியாகும் எண்ணெய். காய்ஞ்ச இலையில 1-லிருந்து 2.5 சதவீதம் வரை இருக்கும். அதுல சினியோல் இருக்கு, நீலகிரித் தைலத்தைத் திறந்தா மூக்குல ஏறுமே, அதே பொருள். கற்பூரம் இருக்கு. இதுக்கெல்லாம் மேல, துஜோன் இருக்கு.

இந்த துஜோன்தான் விவகாரம். நம்ம மூளையில காபான்னு ஒரு பொருள் பிரேக் மாதிரி வேலை செய்யுது. நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் துடிக்காம அடக்கி வைக்கிறது அதுதான். வலிப்பு மாத்திரைகள்ல பலதும் இந்த பிரேக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கிறவை. துஜோன் அதே பிரேக்கைத் தடுக்குதுன்னு 2000-ல கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் காட்டினாங்க. அளவு கூடினா வலிப்பு வரும். வலிப்பு நோயே இல்லாதவங்களுக்கும் சேஜ் எண்ணெய் குடிச்சு வலிப்பு வந்தது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு.

எவ்வளவு அளவு கூடினா? இங்கே ஒரு சின்ன கணக்கு போடுவோம். கால்குலேட்டர்கூட வேண்டாம்.

சேஜ் இலையைப் பயன்படுத்தும்போது ஒரு நாளைக்கு உடம்புக்குள்ள போற துஜோன் 6 மில்லிகிராமைத் தாண்டக்கூடாதுன்னு அதே ஐரோப்பிய அமைப்பு சொல்லுது. சேஜ் எண்ணெய்க்கான ஐ.எஸ்.ஓ. தரப்படி, ஆல்ஃபா துஜோன் 18-லிருந்து 43 சதவீதம், பீட்டா துஜோன் 3-லிருந்து 8.5 சதவீதம். குறைஞ்சபட்சம் ரெண்டும் சேர்ந்து 21 சதவீதம். ஒரு சொட்டு எண்ணெயோட எடை தோராயமா 35 மில்லிகிராம்னு வச்சுக்குங்க. அதுல 21 சதவீதம், ஏழு மில்லிகிராமுக்கு மேல.

ஒரே சொட்டுல வரம்பு தாண்டியாச்சு. இவன் மூணு சொட்டு விடப் போனான்.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. அவன் படிச்சது முழுக்கக் கட்டுக்கதை கிடையாது. 2003-ல வெளியான ஒரு ஈரானிய ஆய்வுல, அல்சைமர் நோயாளிகளுக்கு நாலு மாசம் சேஜ் சாறு கொடுத்தப்போ, அவங்க நிலைமை போலி மருந்து எடுத்தவங்களைவிட நல்லா இருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனா நிஜம். அவங்க கொடுத்த அளவு தினம் 60 சொட்டு. அந்த 60 சொட்டு, இலையை ஆல்கஹால்ல ஊறவச்சு எடுத்த சாறு. பாட்டில்ல இருந்தது, நீராவியில வடிச்சு எடுத்த எண்ணெய். ரெண்டுக்கும் 'சேஜ்'னுதான் பேரு, ரெண்டையும் 'சொட்டு'ன்னுதான் சொல்றோம். ஒண்ணைப் பத்திப் படிச்சிட்டு இன்னொண்ணைக் குடிச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பேரை மட்டும் நம்ப முடியாதுங்கிறதுக்கு சால்வியா இனத்தையே எடுத்துக்கலாம். அதுல ஏறக்குறைய ஆயிரம் வகை இருக்கு. நம்ம ஹாஸ்டல்ல பாதிப் பேர் தண்ணியில ஊறவச்சுக் குடிக்கிற சியா விதை ஒரு சால்வியா. சீன வைத்தியத்துல இதயத்துக்குக் கொடுக்கிற டான்ஷென் வேர் இன்னொரு சால்வியா. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவங்க அதைச் சேர்த்து எடுத்தா ரத்தக்கசிவு ஆபத்து கூடும். மெக்ஸிகோவுல மசாடெக் பழங்குடி மக்கள் சடங்குல பயன்படுத்துற ஒரு சால்வியா, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியவைக்கும். எல்லாமே 100% இயற்கை!

"அப்போ பாட்டி வைத்தியம் எல்லாம் தப்பா ப்ரோ?"ன்னு நீங்க கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவே இல்லை. எங்க பாட்டி சளிக்குக் கற்பூரவள்ளி கொடுப்பாங்க. எத்தனை இலை, எத்தனை நாள், எந்த வயசுக்கு எவ்வளவு, எல்லாம் அவங்களுக்குக் கணக்கு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சுன்னு சொன்னதும் அந்தத் தலைமுறைதானே? அவங்க கொடுத்தது நாலு இலை. ஒரு 10 மில்லி சேஜ் எண்ணெய் பாட்டிலுக்கு சுமாரா அரை கிலோ காய்ஞ்ச இலை வேணும். அரை கிலோ இலையை எந்தப் பாட்டியும் யாருக்கும் கொடுத்ததில்லை. இந்த பாட்டில் வந்தது பாட்டியோட அடுப்பங்கரையில இருந்து இல்லை, டிஸ்டிலேஷன் யூனிட்ல இருந்து. பாட்டி பேரைச் சொல்லி இதை விக்கிறது பாட்டிக்கே அவமானம்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்ல டைட்ரேஷன்ல ஒரு சொட்டு கூடிப்போனதுக்கு ரெக்கார்ட் நோட்டைத் திருப்பி வாங்கினவங்க. வாய்க்குள்ள போறதுக்கு மட்டும் ஏன் கணக்கு பார்க்கிறதில்லை? நாலே கேள்விதான். எந்தச் செடி, முழுப் பேர் என்ன? எந்தப் பகுதி: இலையா, வேரா, விதையா? எப்படி எடுத்தது: தண்ணியிலயா, ஆல்கஹால்லயா, எண்ணெயா வடிச்சா? எவ்வளவு? இந்த நாலுக்கும் லேபிள்ல பதில் இல்லைன்னா வாங்காதீங்க. ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்கன்னா, பதில் இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டாம எடுக்காதீங்க.

என் ரூம்மேட் அடுத்த செக்கப்புக்குப் போனப்போ பாட்டிலை போட்டோ எடுத்துட்டுப் போனான். டாக்டர் ஒரு தடவை பார்த்துட்டு, "இதைத் தொடவே கூடாது"ன்னு சொல்லிட்டாராம். பாட்டில் இன்னும் எங்க ரூம் ஷெல்ஃப்ல சீல் உடையாம இருக்கு. லேபிள்ல 'கெமிக்கல் இல்லை'ங்கிற இடத்தை அவன் பேனாவால அடிச்சிட்டு, கீழே 'துஜோன், குறைஞ்சது 21%'னு எழுதி வச்சிருக்கான்.