தன் ஃபைலுக்குப் பூட்டு, நம்ம கடைக்கு ஃபைன்!

தோழர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. தொழில் பண்றவங்க, தொழில் பண்ற குடும்பத்துல இருக்கறவங்க முழுசா படிச்சிடுங்க.

2025 ஜனவரி 29 அன்று ஒன்றிய நிதியமைச்சகம் தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சாட்ஜிபிடி, டீப்சீக் மாதிரியான ஏ.ஐ. செயலிகளைப் பயன்படுத்தாதீங்க, அரசு ஆவணங்களின் ரகசியத்துக்கு ஆபத்து என்று. சரியான முடிவுதான். அதுல நமக்குச் சண்டை இல்ல.

அதே வருஷம் ஜூலையில், ஏர்டெல் சிம் வச்சிருந்தா பெர்ப்ளெக்சிட்டி புரோ ஃப்ரீ. அக்டோபர் கடைசியில், ஜியோ சிம்முக்கு ஜெமினி புரோ 18 மாசம் ஃப்ரீ. நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ ஒரு வருஷம் ஃப்ரீ. நிதியமைச்சகத்தோட மேசைக்கு ஆகாதுன்னு சொன்ன அதே வகைச் சரக்கு, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் தம்பி போன்ல ஓசியில வந்து உக்காந்துடுச்சு. அந்தத் தம்பிக்கு யாருங்க சுற்றறிக்கை அனுப்புனா?

அவன் என்ன பண்றான்னு பாருங்க. ஐரோப்பிய பையர்கிட்ட இருந்து டெக் பேக் வருது. அளவு சார்ட், துணி விவரம், டிசைன், விலை பேசுற மெயில், எல்லாம் இங்கிலீஷ்ல. மொத்தத்தையும் காப்பி பண்ணி ஏ.ஐ.ல போடுறான், "இதுக்கு நல்லா ஒரு ரிப்ளை எழுதிக் குடு"ன்னு கேக்குறான். ஒரு மணி நேர வேலை அஞ்சு நிமிஷத்துல முடியுது. இதைக் கேலி பண்ண நமக்கு மனசு வரல. பத்துப் பேர் வேலை பாக்குற யூனிட்ல இங்கிலீஷ் மெயில் எழுதத் தனியா ஆள் போட முடியாது. ஏ.ஐ. அவங்களுக்கு உண்மையிலேயே கைகொடுக்குது.

ஆனா அந்த டெக் பேக் பையரோட சொத்து. வெளியே காட்ட மாட்டோம்னு முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். சாட்ஜிபிடியின் சாதாரண தனிநபர் கணக்குல போடுற உரையாடலை, நாம செட்டிங்ஸ்ல போய் அணைக்காத வரை, மாடலைப் பயிற்றுவிக்க அந்தக் கம்பெனி எடுத்துக்கலாம். நிறுவனங்களுக்கான கணக்குல அப்படி எடுக்கறது இல்ல. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால, ஒரு கையெழுத்தோட மதிப்பு போயிடுது. ஆடிட்டர் ஆபீஸ்ல பான் நம்பரோட பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்கேன் சென்டர்ல நோயாளி பேரோட ரிப்போர்ட், டியூஷன் சென்டர்ல பசங்க மார்க் லிஸ்ட், எல்லாத்துக்கும் இதே கதைதான்.

பூச்சாண்டி காட்டல. 2023-ல் சாம்சங் இன்ஜினியர்களே கம்பெனியோட சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில போட்டு, பிறகு அந்தக் கம்பெனி ஏ.ஐ. செயலிகளுக்கே தடை போட்டது. 2025-ல், பயனர்கள் "ஷேர்" பண்ண சாட்ஜிபிடி உரையாடல்கள் கூகுள் தேடல்ல வந்து நின்னுச்சு. அப்புறம்தான் அந்த வசதியை எடுத்தாங்க. சாம்சங்குக்கே இந்த நிலைமைன்னா, ஐ.டி. ஆள்னு ஒருத்தர்கூட இல்லாத நம்ம சிறுதொழில் என்ன பண்ணும்?

இப்ப சட்டத்துக்கு வருவோம். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம் அமலாகும். (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைச் சுருக்குற திருத்தம் மட்டும் காத்திருக்கல, உடனே அமல். அந்த அவசரத்தைக் கவனிச்சீங்களா?)

இந்தச் சட்டப்படி, வாடிக்கையாளர் தரவுக்குத் தகுந்த பாதுகாப்பு வைக்காட்டி அபராதம் ₹250 கோடி வரை. கசிஞ்சதை வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லாட்டி ₹200 கோடி வரை. ஆண்டு விற்பனை ₹10 கோடிக்குள்ள இருந்தாத்தான் குறுந்தொழில்னு சொல்றதும் இதே அரசுதான். "அது உச்சவரம்புதானே, வாரியம் தன்மையைப் பாத்துத்தானே போடும்"னு எதிர்த்தரப்பு நண்பர்கள் சொல்வாங்க. சட்டத்துல அப்படித்தான் இருக்கு, மறுக்கல. ஆனா சின்ன முதலாளிக்கு எவ்வளவு வரும்னு கணக்குப் போட ஒரு படிநிலைகூட அதுல இல்ல. அவர் தலைக்கு மேல தொங்குறதும் அதே ₹250 கோடிதான். அவர் சார்பா தரவைக் கையாளுற வெளிக் கம்பெனிகிட்ட இருந்து கசிஞ்சாலும், பதில் சொல்ல வேண்டியது அவர்தான்.

இதைவிடக் கொடுமை, அந்த அபராதத்துல தரவைப் பறிகொடுத்த நோயாளிக்கோ தொழிலாளிக்கோ ஒரு பைசா கிடையாது. முழுசும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவுல இழப்பீடு கேக்க ஒரு வழி இருந்துச்சு. புதுச் சட்டம் முழுசா அமலாகும்போது அதையும் நீக்கிடுறாங்க.

யாருக்கு விலக்கு? 17-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்க. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்குன்னு காரணம் சொல்லி ஒன்றிய அரசு தன் அமைப்புகளுக்கு முழு விலக்கு கொடுத்துக்கலாம். அறிவிப்புக் கொடுக்கறது, தரவை அழிக்கறது போன்ற சில கடமைகள்ல இருந்து குறிப்பிட்ட வகை நிறுவனங்களுக்கும் விலக்கு கொடுக்கலாம். அதுல பேர் சொல்லிக் குறிப்பிட்டது ஸ்டார்ட்அப்பை மட்டும். இருபது வருஷமா ஓடுற தனி உரிமையாளர் யூனிட்டும், அச்சகமும், மெடிக்கல் ஷாப்பும் அந்த வரையறைக்குள்ள வரவே வராது. பெங்களூர்ல கோட் போட்டவருக்குப் பேர் இருக்கு, பல்லடத்துல தறி போட்டவருக்கு இல்ல.

வாடிக்கையாளர் கேட்டா அறிவிப்பைத் தமிழ்லயும் தரணுமாம். நல்ல விதி, வரவேற்கிறோம். ஆனா அந்தச் சட்டத்தை அரசிதழ்ல இந்தியிலயும் ஆங்கிலத்துலயும் போட்டவங்க, ஈரோட்டு மஞ்சள் வியாபாரிகிட்ட தமிழ் அறிவிப்பு கேக்குறாங்க.

காசு இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2024 மார்ச்ல இந்தியா ஏ.ஐ. திட்டத்துக்கு ஒதுக்குனது ₹10,371.92 கோடி. அதுல பாதுகாப்பான, நம்பகமான ஏ.ஐ. என்ற தலைப்புக்கு ₹20.46 கோடி. நூறு ரூபாய்க்கு இருபது காசு! பூட்டுக்கு இருபது காசு ஒதுக்கிட்டு, திருடு போனா வீட்டுக்காரனுக்கு ₹250 கோடி.

நம்ம கோரிக்கை விலக்கு இல்ல, அதைத் தெளிவா சொல்லிடுறோம். சின்னக் கடையில கசிஞ்சாலும் ஆதார் நம்பர் ஆதார் நம்பர்தான்; பாதுகாப்புக் கடமை எல்லாருக்கும் இருக்கட்டும். ஆனா குறுந்தொழிலுக்கு அபராதத்துல தனி உச்சவரம்பு வேணும். காகித வேலையைக் குறைக்க 17-ஆம் பிரிவுலயே வழி இருக்கு, பயன்படுத்துங்க. ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையத்துலயும் இதுக்குன்னு ஒரு ஆள், தமிழ்ல ஒரு மாதிரி அறிவிப்பு, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு. நிதியமைச்சகம் தனக்குப் போட்ட ஒரு பக்கச் சுற்றறிக்கையைத் தமிழாக்கி யூனிட் யூனிட்டா அனுப்பியிருந்தாலே பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

டெல்லி பண்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், தோழர்களே. நாளைக்குக் காலையில உங்க கடையில, அப்பா கடையில, மாமா யூனிட்ல ஒரு அரை மணி நேரம் உக்காருங்க. யார் யார் எந்த ஏ.ஐ. பயன்படுத்துறாங்கன்னு திட்டாம கேளுங்க. திட்டினா மறைச்சுப் பண்ணுவாங்க. சாட்ஜிபிடின்னா செட்டிங்ஸ்ல "டேட்டா கன்ட்ரோல்ஸ்" போய், மாடலை மேம்படுத்தும் தேர்வை அணைச்சிடுங்க. ஆதார், பான், போன் நம்பர், நோயாளி பேர், பையர் பேர் எதுவும் உள்ள போகக் கூடாது. "வாடிக்கையாளர் 1"னு மாத்திப் போட்டாலும் மெயில் அதே மாதிரி நல்லாத்தான் வரும். கட்டுப்படியானா நிறுவனக் கணக்கு வாங்குங்க. ரொம்ப ரகசியமான வேலைன்னா, ஜெம்மா மாதிரி சின்ன மாடலை உங்க கம்ப்யூட்டர்லயே ஓட்டலாம். இன்டர்நெட்டுக்கே எதுவும் போகாது. வேலையை விட்டுப் போனவரோட லாகின் இன்னும் உயிரோட இருக்கான்னு பாருங்க. பாதி இடத்துல இருக்கும்.

ஏ.ஐ. குடுத்த விலையும் தேதியும் மனுஷக் கண் படாம வெளியே போகக் கூடாது. ஏர் கனடாவோட சாட்பாட் பயணி ஒருத்தருக்குத் தப்பான தகவல் சொன்னதுக்கு, கம்பெனிதான் பொறுப்புன்னு 2024-ல் அங்கே தீர்ப்பாயம் சொல்லிடுச்சு.

கசிஞ்சிடுச்சுன்னு தெரிஞ்சா ஒளிக்காதீங்க. புது விதிப்படி வாரியத்துக்கு உடனே ஒரு தகவல், 72 மணி நேரத்துக்குள்ள முழு விவரம். 2022-ல் வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி சைபர் சம்பவத்துக்கு 6 மணி நேரம்தான்.

இந்தப் பதிவை உங்க தொழில் சங்க வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு யாராவது ஒன்றிய அமைச்சரோ அந்தக் கட்சிக்காரரோ வந்தா, மைக்கைக் கையில வாங்கி ஒரே கேள்வி கேளுங்க: உங்க ஆபீஸுக்குச் சொன்ன எச்சரிக்கையை எங்க யூனிட்டுக்கு ஏன் சொல்லல?

#சிறுதொழிலுக்குப்பாதுகாப்பு