டவர் ஊமையானால் மலையகம் யாரிடம் பேசும்?

2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை. டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்ட அன்று உடப்புசல்லாவையில் எங்கள் கைத்தொலைபேசிகளில் சிக்னல் இல்லை. கொழும்பில் இருக்கும் என் தங்கை, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று தெரியாமல் அழுதிருக்கிறாள். பக்கத்துத் தோட்டத்தின் நிலைமை எங்களுக்கே தெரியாது.

காரணம் இரகசியமல்ல. மின்சாரம் போனால் டவர்கள் பெற்றரியில் சில மணித்தியாலங்கள் ஓடும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். மண் சரிந்து பாதை மூடினால் டீசல் எப்படி வரும்?

2004 சுனாமியிலும் இதே கதைதான். அம்பாந்தோட்டையின் தொடர்புகள் அறுந்தபோது, விக்டர் குணதிலக்க தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தின் ஹாம் ரேடியோக்காரர்கள் அங்கே சென்று, கார் பெற்றரியில் இயங்கும் சிற்றலைக் கருவிகளால் கொழும்புடன் பேசினார்கள். அந்தமானில் போர்ட் பிளேயரிலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி தீவு மக்களின் செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்காக வானொலி பேசப் போனவர் அவர்!

மலைநாட்டுக்கு இது ஏன் பொருத்தம்? கடையில் வாங்கும் வோக்கி டோக்கியின் அலை நேர்கோட்டில் போவது. மலை முகட்டில் முட்டி நின்றுவிடும். 7 மெகாஹேர்ட்ஸ் போன்ற சிற்றலையை, தாழக் கட்டிய கம்பியிலிருந்து மேல்நோக்கி அனுப்பினால், அது அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி மலைக்கு அப்பாலும் இறங்கும். 12 வோல்ட் பெற்றரி, ஒரு கருவி, நீளக் கம்பி, அதைக் கையாளத் தெரிந்த ஒருவர். அவ்வளவுதான் தேவை.

அந்த ஒருவர்தான் நம்மிடம் இல்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இந்தக் கருவியில் பேச முடியாது, அதற்குப் பரீட்சை உண்டு. அனர்த்தம் வந்த பிறகு படிக்க முடியாது. கருவியின் விலையும் ஒரு ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதது, அதை மறைக்கவில்லை.

அனர்த்தம் வந்தால் பள்ளிவாசல்கள் சமைத்துக் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. ஆனால் எந்த லயத்தில் எத்தனை பேர், யாருக்கு மருந்து என்று தெரியாததால், பாதையோரத்தில் இரண்டு தடவை சோறு போகிறது, உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. ஊருக்குச் சொல்ல நம்மிடம் ஒலிபெருக்கி இருக்கிறது. வெளியே சொல்லத்தான் வழியில்லை.

ஒரு ஜமாஅத்தில், ஒரு கோயிலில், ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானம் படித்த இரண்டு பிள்ளைகளை இந்தப் பரீட்சைக்கு அனுப்பினால் என்ன? என் மாணவர் இருவர் கேட்டுவிட்டார்கள். பரீட்சைக் கட்டணத்தையும் கொழும்பு போய்வரும் செலவையும் யார் தருவது என்பதை எங்கள் நிர்வாக சபை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.