பிரித்து எழுதுக!

இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். ‘தாமரை’யைப் பிரிச்சு எழுதுங்க பார்ப்போம். பிரிக்காம விட்டா பூ. ‘தா + மரை’னு பிரிச்சா தாவுற மான். ஸ்கூல்ல தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்ததுதான். இதே விளையாட்டு இங்கிலீஷ்லயும் தினம் தினம் நடக்குது!

காரணம் சிம்பிள். எழுதும்போதுதான் வார்த்தைக்கு வார்த்தை இடம் விடுறோம். பேசும்போது எல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒட்டிக்கிட்டே ஓடும். எங்கே வெட்டணும்னு காதுதான் முடிவு பண்ணுது. தெரியாத வார்த்தை வந்தா, தெரிஞ்ச ஒண்ணைப் போட்டு நிரப்பிக்கும்.

சாம்பிள் பாருங்க. ‘டேம்ப் ஸ்க்விப்’னா நமத்துப்போன பட்டாசு. நம்ம ஊர்ல ‘புஸ்வாணம் ஆயிடுச்சு’னு சொல்வோமே, அதேதான். ‘ஸ்க்விப்’ பழைய வார்த்தை. அது தெரியாத இங்கிலீஷ்காரங்களே அதை ‘ஸ்க்விட்’ ஆக்கிட்டாங்க. அதாவது, ஈரமான கணவாய் மீன். கணவாய் கடலுக்குள்ள வேற எப்படிங்க இருக்கும்?

‘ஃபார் ஆல் இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பஸஸ்’ வேகத்துல ‘இன்டென்சிவ் பர்ப்பஸஸ்’னு காதுல விழும். ‘ஷுட் ஹேவ்’ பேச்சுல சுருங்கிடும். அதை அப்படியே நம்பி, ‘ஹேவ்’ இருக்க வேண்டிய இடத்துல ‘ஓ, எஃப்’ போட்டு எழுதுறவங்க அமெரிக்காவுலயும் ஏராளம்.

ஓக் மரத்துக் கொட்டைக்கு இங்கிலீஷ்ல ‘ஏகார்ன்’னு பேர். அதை முட்டையோட சேர்த்து ‘எக்கார்ன்’னு எழுதினவங்க உண்டு. 2003-ல் ஜெஃப்ரி புல்லம்ங்கிற மொழியியல் பேராசிரியர், ‘இந்த மாதிரி தப்புக்கெல்லாம் எக்கார்ன்னே பேர் வைக்கலாம்’னு சொன்னார். இப்போ அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலயே இருக்கு!

இன்னும் ஜோர் ஒண்ணு. லேப்ல மாட்டுற ‘ஏப்ரன்’, சுமார் 600 வருஷத்துக்கு முன்னாடி ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’னு சொன்னதை ‘ஏன் ஏப்ரன்’னு தப்பா வெட்டிட்டாங்க. அந்தத் தப்புதான் இன்னிக்குச் சரியான இங்கிலீஷ்.

இதை ஏன் சொல்றேன்னா... தமிழ் மீடியத்துல இருந்து வந்த ஒருத்தர் க்ளாஸ்ல ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னா, பின் பெஞ்ச் ‘கொல்’லுனு சிரிக்கும். அப்புறம் ஃபைனல் இயர் குரூப் டிஸ்கஷன் வரைக்கும் அவர் வாயே திறக்கறதில்லை. பாயின்ட் தெரியும், பேச பயம். ஒரு சிரிப்போட விலை சமயத்துல ஒரு வேலை!

ஸோ, ரெஸ்யூமே, மெயில் எழுதும்போது மட்டும் சந்தேகம் வந்தா டிக்‌ஷனரியைப் புரட்டிடுங்க. பேசும்போது தைரியமா பேசுங்க. யாராவது சிரிச்சா, அவங்க மாட்டியிருக்கிற ஏப்ரனைக் காட்டி, அதோட பழைய பேர் என்னன்னு கேளுங்க!