‘குழந்தைக்கு என்ன புரியும்?’: ஒரு கேள்வியின் வர்க்கச் சார்பு

அருங்காட்சியகங்களுக்கும் தொன்மையான வழிபாட்டுத் தலங்களுக்கும் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வது வீண் முயற்சி என்ற எண்ணம், கற்றறிந்தோர் வட்டங்களில் விவாதத்துக்கு இடமற்ற உண்மை போல உலவுகிறது. அதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன: குழந்தைக்குப் புரியாது, குழந்தை பிறரைத் தொந்தரவு செய்யும், குழந்தை கை வைத்தால் கலைப்பொருள் கெடும். மூன்றும் கலையின் மீதான அக்கறையாகவே முன்வைக்கப்படுகின்றன. ஆனால் இவற்றின் விளைவு கலையைக் காப்பதன்று. கலை யாருக்கு உரியது என்பதைக் குழந்தைப் பருவத்திலேயே தீர்மானித்துவிடுவது.

இந்த எண்ணம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2014இல் பிரிட்டிஷ் கலைஞர் ஜேக் சாப்மன், குழந்தைகளைக் கலைக்கூடங்களுக்கு அழைத்துச் செல்வது நேர விரயம் என்றும், ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியத்தின் முன் ஒரு குழந்தையை நிறுத்துவது அந்த ஓவியரையே அவமதிப்பது என்றும் கருத்துரைத்தார். கண்டனங்கள் எழுந்தன. எனினும், அவர் வெளிப்படையாகச் சொன்னதைத்தான் பல நிறுவனங்கள் வாய் திறவாமல் நடைமுறைப்படுத்துகின்றன: பெரியவரின் மார்பளவு உயரத்தில் பொருத்தப்பட்ட விளக்கப் பலகை, அமர்வதற்கு இருக்கை இல்லாத நீண்ட கூடம், சிரிப்பொலி கேட்டவுடன் திரும்பிப் பார்க்கும் காவலர்.

‘புரியாது’ என்னும் முதல் வாதத்தைச் சோதிக்க அம்பர்நாத் தகுந்த இடம். மும்பைத் தமிழர்களில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு புறநகர் ரயில் நிலையம். முந்தைய தலைமுறைக்கு அது விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையும் படைக்கலத் தொழிற்சாலையும் இருந்த ஊர். நிலையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், வால்துனி ஆற்றங்கரையில், சிலாகார மன்னர் காலத்துச் சிவன் கோயில் நிற்கிறது. அதன் கல்வெட்டு சக ஆண்டு 982, அதாவது கி.பி. 1060ஐக் குறிக்கிறது, மும்முணி என்னும் மன்னனின் பெயரைச் சொல்கிறது. அந்த ஆண்டு முதலில் 782 என்றே வாசிக்கப்பட்டது. கோயிலின் காலம் இருநூறு ஆண்டுகள் பின்னே தள்ளப்பட்டு, பிறகு திருத்தப்பட்டது. ‘புரிதல்’ என்பதை நுழைவுத் தகுதியாக்குவோர் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது. அறிஞர்களும் தவறாக வாசித்துத்தான் சரியாக வாசிக்கக் கற்றார்கள். அதற்காக எவரும் அவர்களை வாசலில் தடுக்கவில்லை.

இக்கோயிலின் கருவறை மண்டபத்தின் தளத்துக்குக் கீழே உள்ளது. ஏறத்தாழ இருபது படிகள் இறங்கினால்தான் இலிங்கத்தை அடையலாம். மேலே விமானம் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டதால், ஆழத்தில் நிற்பவர் தலையை உயர்த்தினால் வானம் தெரியும். கலை வரலாற்று மாணவர் இதைப் ‘பூமிஜ’ பாணி என்ற சொல்லால் தொடங்குவார். ஐந்து வயதுக் குழந்தை, வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் இறங்குவதையும், இருளின் அடியிலிருந்து மேலே ஒரு துண்டு வானத்தைக் காண்பதையும் கொண்டு தொடங்கும். இவற்றுள் எது கோயிலின் அனுபவத்துக்கு நெருக்கமானது? கட்டடம் உடலோடு பேசுகிறது. சொல் அதற்குப் பின் வருகிறது. குழந்தையிடம் இல்லாதது சொல் மட்டுமே.

இங்குதான் கேள்வியின் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது. ‘புரியும் வயது வரட்டும்’ என்பதன் நடைமுறைப் பொருள், ‘விளக்கப் பலகையை வாசிக்கும் வயது வரட்டும்’ என்பதே. அந்தப் பலகை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி திறக்கும் கதவன்று. தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கும் பதினான்கு வயது மாணவி, ஆங்கிலக் கலைச்சொற்கள் நிறைந்த பலகையின் முன் முதன்முறையாக நிற்கும்போது, கற்றுக்கொள்ளும் முதற்பாடம் சிற்பத்தைப் பற்றியதாக இருப்பது அரிது; ‘இந்த இடம் தனக்கானதன்று’ என்பதே அப்பாடம். ஐந்து வயதில் இந்த வேறுபாடு இல்லை. பேராசிரியரின் மகளாலும் பலகையை வாசிக்க முடியாது. தோல் பட்டறைத் தொழிலாளியின் மகளாலும் முடியாது. கல்லின் முன் இருவரும் சமமாக நிற்கும் காலம் அது ஒன்றே. அக்காலத்தைக் கடக்கவிட்டு, பின்னர் ‘நம் மக்களுக்குப் பாரம்பரிய உணர்வு இல்லை’ என்று கருத்தரங்குகளில் வருந்துவது நேர்மையன்று.

வசதியுள்ள குடும்பத்துக் குழந்தை ஐந்து வயதில் அருங்காட்சியகத்தை இழந்தாலும் பதினைந்தில் வெளிநாட்டுப் பயணத்தில் ஈடுசெய்துகொள்ளும். உழைக்கும் குடும்பத்துக் குழந்தைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஆகவே ‘காத்திருக்கட்டும்’ என்பது எல்லாரையும் ஒரே அளவில் காத்திருக்க வைக்கும் அறிவுரை அன்று.

சிற்பிகள் இத்தகைய வேலி எதையும் இட்டதாகத் தெரியவில்லை. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுச் சிற்பத் தொகுதியில், பெரிய யானையின் அருகே தாழ்வான இடத்தில், முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. யானையின் கால்களுக்கிடையே குட்டிகள் இருக்கின்றன. தாராசுரத்தில் ஒரே தலை, ஒரு பக்கம் யானையாகவும் மறுபக்கம் காளையாகவும் தெரிகிறது. தவம் செய்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று பெரியவர்கள் விவாதிக்கும் நேரத்தில், போலித் தவசியான பூனையைக் கண்டு சிரிக்கும் குழந்தை அந்தப் பாறையில் செதுக்கப்பட்ட நகைச்சுவையைச் சரியாகவே வாசித்துவிட்டது.

தொந்தரவு என்னும் இரண்டாவது வாதம், அமைதியை இயற்கைச் சட்டமாகக் கொள்கிறது. அருங்காட்சியகத்தின் அமைதி அந்த நிறுவனத்தோடு வளர்ந்த ஒரு பழக்கம். கோயிலுக்கு அது பொருந்தவே பொருந்தாது. மகா சிவராத்திரியன்று அம்பர்நாத்தில் திரளும் கூட்டத்தில் குழந்தைகள் இடுப்பிலும் தோளிலும் வருகிறார்கள். ‘இவர்களுக்கு என்ன புரியும்’ என்று அங்கே எவரும் கேட்பதில்லை. பக்தி அனுமதிக்கும் குழந்தையைக் கலை வரலாறு வெளியேற்றுமானால், வறுமைப்படுவது பக்தி அன்று.

சேதம் என்னும் மூன்றாவது வாதத்துக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். கல்லும் தேயும். தாராசுரத்தின் இசைப்படிகள் இன்று கம்பிக் கூண்டுக்குள் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் கையை மட்டும் குற்றவாளியாக்குவது எளிய வழி. அம்பர்நாத் கோயிலை ஒட்டி ஓடும் வால்துனி, தொழிற்சாலைக் கழிவையும் நகரச் சாக்கடையையும் ஆண்டுக்கணக்காகச் சுமந்து வருகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளும் சமூகம், ஒரு சிறுமியின் விரல் நுனியைக் கண்டு பதறுவது அளவு தவறிய அச்சம்.

அறிவார்ந்த எதிர்வினைக்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2024 ஆகஸ்டில், ஹைஃபா நகரின் ஹெக்ட் அருங்காட்சியகத்தில், கண்ணாடித் தடுப்பின்றி வைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமையான சாடியை நான்கு வயதுச் சிறுவன் தவறுதலாக உடைத்தான். நிர்வாகம் அவனைத் தண்டிக்கவில்லை. குடும்பத்தோடு மீண்டும் வருமாறு அழைத்தது. சாடியும் ஒட்டிச் சீரமைக்கப்பட்டது. தடுப்பில்லாமல் வைப்பது என்ற கொள்கைக்கு ஒரு விலை உண்டு என்பதை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

அம்பர்நாத்துக்கே இதைவிட நல்ல முன்மாதிரி உண்டு. 1868இல் பம்பாய்க் கலைப்பள்ளியின் குழு ஒன்று அரசின் ஆணைப்படி இக்கோயிலுக்கு வந்து வரைபடங்கள் தீட்டியது. சிற்பங்களின் வார்ப்புகளையும் எடுத்தது. மூலச் சிற்பத்தைக் காத்துக்கொண்டே, அதன் படியைக் கற்போர் கையில் கொடுக்கலாம் என்பதை அக்காலத்து அரசே அறிந்திருந்தது. கலைப்பள்ளி மாணவருக்குப் பொருந்தியது அங்கன்வாடிக் குழந்தைக்கு ஏன் பொருந்தாது?

2019இல் மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரகாலயம் தன் வளாகத்திலேயே குழந்தைகளுக்கென ஓர் அருங்காட்சியகத்தைத் திறந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் குழந்தைகளுக்குத் தனிக் கட்டடம் தந்துவிட்டோம் என்ற நிறைவில் மூலக் கூடங்கள் பழைய இறுக்கத்திலேயே தொடருமானால், அது சேர்த்துக்கொள்வதன் பெயரால் செய்யும் ஒதுக்கலாகிவிடும். 2022இல் பிராக் நகரில் சர்வதேச அருங்காட்சியகக் கழகம் ஏற்ற புதிய வரையறை, அனைவரும் அணுகத்தக்கதாகவும் அனைவரையும் உள்ளடக்கியதாகவும் அருங்காட்சியகம் இருக்க வேண்டும் என்கிறது. கல்வியோடு மகிழ்வையும் அதன் பணியாகச் சொல்கிறது. ‘அனைவரும்’ என்பதில் வயதுக் கழிவு இல்லை.

இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் கிடையாது. பணத்தால் திறந்த வாசலை மனப்பான்மையால் மூடக் கூடாது. செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல: ஒரு வருகைக்கு ஒரே கூடம் அல்லது ஒரே சிற்பம்; தரையில் அமர்ந்து வரைய அனுமதி; குழந்தையின் கண் உயரத்தில் தொட்டுணர ஒரு வார்ப்பு; சொற்பொழிவுக்குப் பதிலாக ‘இங்கே என்ன நடக்கிறது?’ என்ற ஒரு கேள்வி. களைத்தவுடன் வெளியேறும் உரிமை.

கலை வரலாற்றுத் துறைகளின் பங்கு இதில் தலையாயது. ஆய்வு மாணவர்களைக் களப்பணிக்கு அனுப்பும் துறை, ஆண்டுக்கு ஒரு முறையாவது தாராவியிலோ அம்பர்நாத்திலோ உள்ள ஓர் அங்கன்வாடியின் குழந்தைகளோடு அதே களத்துக்குச் செல்லட்டும். அக்குழந்தைகள் எதைச் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளட்டும். அதைச் செய்து பார்க்காத துறைக்கு, குழந்தைக்கு என்ன புரியும் என்று தீர்ப்புரைக்கும் தகுதி இல்லை.